கொக்கோ கருங்காய் நோயும் பைட்டோப்தோரா மரபணுக்களும்

கருங்காய் நோய் அல்லது காய் அழுகல் நோய் என்பது கொக்கோ மரத்தின் காய்களை அழுகச் செய்யும் நோய் ஆகும். இந்தியாவில் இதனை உண்டாக்கும் நுண்ணுயிர் பைட்டோப்தோரா பால்மிவோரா. தமிழ்நாட்டில் கொக்கோ பெரும்பாலும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்க்கப்படுகிறது. தென்னையின் குருத்தழுகல் நோய்க்கும் இதே சிற்றினம் காரணமாவதால், தோப்பின் இரு பயிர்களுக்கும் பகை ஒன்றே.

'பால்மிவோரா' என்றால் பனைவகை மரங்களைத் தின்பது என்று பொருள். நிழலும் ஈரமும் வேண்டும் கொக்கோ, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் வட்டார மானாவாரி நிலங்களுக்கு ஏற்ற பயிர் அன்று. ஆனால் அங்கு வரப்போரங்களில் நிற்கும் பனையின் இனத்தில்தான் இந்நுண்ணுயிர் முதலில் அறியப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தின் கோதாவரி கழிமுகத்தில் பனைகள் குருத்தழுகி மடிந்ததை ஆராய்ந்த ஈ. ஜே. பட்லர், 1907-இல் இதற்குப் பித்தியம் பால்மிவோரம் எனப் பெயரிட்டார். 1919-இல் பைட்டோப்தோரா பேரினத்துக்கு மாற்றினார்.

தோற்றத்தில் பூஞ்சை போல இருந்தாலும் இது பூஞ்சை அன்று. பழுப்புப் பாசிகளுக்கு உறவான ஊமைசீட் வகை உயிரி. மழைக்காலத்தில் இதன் வித்துகள் காயின் மீதுள்ள நீர்ப்படலத்தில் நீந்திச் சென்று ஒட்டி முளைக்கின்றன. பிறகு நடப்பது மரபணுக்களின் வேலை. சில மரபணுக்கள் உருவாக்கும் நொதிகள் செல்சுவரைக் கரைக்கின்றன. வேறு சில, செடி எதிர்த்து விடும் நொதிகளை முடக்கும் புரதங்களைத் தருகின்றன. எஃபெக்டர் எனப்படும் மற்றொரு தொகுதிப் புரதங்கள் செடியின் செல்லுக்குள்ளேயே நுழைந்து, அதன் எதிர்ப்பு அறிகுறிகளை அடக்குகின்றன. இவற்றுள் பெருங்குழு ஆர்எக்ஸ்எல்ஆர் புரதங்கள். காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டைச் சூறையாடுவது போன்றது இது.

செடியிடமும் பதில் உண்டு. அதன் எதிர்ப்புப் புரதம் ஓர் எஃபெக்டரை அடையாளம் கண்டுகொண்டால், தாக்கப்பட்ட செல் தானே மடிந்து நோயை அங்கேயே நிறுத்தும். அந்த எஃபெக்டர் மரபணு மாறிவிட்டாலோ செயலற்றுப் போனாலோ அடையாளம் தவறிவிடும். நோய் எதிர்ப்பு இரகம் வலுவிழப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

2017-இல் வெளியான ஆய்வில் இதன் மரபணுத்தொகையில் 44,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கணிக்கப்பட்டன. கொக்கோவுக்கோ சுமார் 29,000 தான். மரபணுத்தொகை முழுவதும் ஒருமுறை இரட்டித்ததே இப்பெருக்கத்துக்குக் காரணம் என அவ்வாய்வு கருதியது. ஒரு மரபணுவுக்குக் கூடுதல் படி இருந்தால், ஒன்று மாறினாலும் மற்றது பழைய வேலையைச் செய்யும்.

ஆகவே ஒற்றை எதிர்ப்பு மரபணுவை மட்டும் நம்பி இரகம் உருவாக்குவது இடர் மிக்கது. தோப்பில் இன்றும் கைகொடுப்பவை பழைய முறைகளே: நோயுற்ற காய்களை உடனே பறித்து அகற்றுதல், காற்றோட்டத்துக்காகக் கவாத்து செய்தல், மழைக்கு முன் 1 விழுக்காடு போர்டோ கலவை தெளித்தல்.