போட்டியாளரிடமே கடன் வாங்கும் மென்பொருள்கள்

போட்டி என்றால் பகைதானா? கணினி உலகில் அப்படி இல்லை என்பதற்கு இரண்டு கம்பைலர்களே சாட்சி. மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவதுதான் கம்பைலரின் வேலை.

ஒன்று, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ஆம் ஆண்டு வெளியிட்ட ஜி.சி.சி. மற்றொன்று, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய எல்.எல்.வி.எம். திட்டத்தைச் சேர்ந்த கிளாங். இரண்டுமே திறந்த மூல மென்பொருள்கள்.

பிழை நேர்ந்த வரியையே எடுத்துக்காட்டி, இடத்தையும் குறியிட்டுச் சுட்டியது கிளாங். 2013-இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து ஜி.சி.சி.யும் அவ்வாறே செய்கிறது. நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் 'அட்ரஸ் சானிட்டைசர்' என்ற கருவியும் அதே பதிப்பில் சேர்ந்தது. கூகுள் பொறியாளர்கள் உருவாக்கிய அக்கருவி, முதலில் இடம்பெற்றது எல்.எல்.வி.எம்.மில்தான்.

மறுபக்கம், ஜி.சி.சி.க்குப் பழகியவர்கள் சிரமமின்றி மாற வேண்டும் என்பதற்காக, அதன் கட்டளைகள் பலவற்றை ஏற்கும்படி கிளாங் அமைக்கப்பட்டது.

ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கல் சமமானதல்ல. ஜி.சி.சி.யை மாற்றி வெளியிடுவோர் மூல நிரலையும் தரவேண்டும் என்கிறது அதன் உரிமம். எல்.எல்.வி.எம். உரிமத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. எனவே அங்கிருந்து நிரல் இங்கே வரலாம். இங்குள்ளதை அங்கே சேர்க்க முடியாது. தனியார் நிறுவனங்கள் மூல நிரலை மூடிவைக்க இது வழிவிடுகிறது என்பதால், எல்.எல்.வி.எம்.மைப் பெரும் பின்னடைவு என்று 2014-இல் சாடினார் ஸ்டால்மன்.

அந்த வாதம் ஓயவில்லை. ஆயினும் ஒரு கம்பைலர் கவனிக்காத பிழையை மற்றது காட்டிக் கொடுப்பதுண்டு. அந்த வகையில் ஆதாயம் பயனீட்டாளருக்கே.