குட்டி டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணப் போறீங்களா? முதலில் முடிவு செய்ய வேண்டியது பிராசசர் அல்ல

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய டெஸ்க்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. சரி, புதுசாக ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால், பெங்களூருவிலோ குருகிராமிலோ 1பிஎச்கே வீட்டில் இருப்பவருக்கு பெரிய கேபினெட்டை எங்கே வைப்பது என்பதே பிரச்னை. அதனால்தான் பலரும் மேஜை ஓரத்தில் அடங்கும் குட்டி டெஸ்க்டாப் பக்கம் திரும்புகிறார்கள்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண கேபினெட்டில் எந்தப் பாகத்தைப் போட்டாலும் எப்படியோ பொருந்திவிடும். குட்டி கேபினெட்டில் 5 மி.மீ. கூடினாலே மூடி மூடாது. சீலைப் பிரித்த பாகத்தைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று நம்பவும் முடியாது. எனவே, காசு கொடுக்கும் முன் கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

'குட்டி' என்றால் எவ்வளவு குட்டி?

கேபினெட்டின் அளவை லிட்டரில் சொல்வார்கள். நீளம், அகலம், உயரத்தை செ.மீ.-இல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைத்துவிடும். 45 x 21 x 45 செ.மீ. உள்ள சாதாரண கேபினெட் சுமார் 42 லிட்டர். 20 லிட்டருக்குக் கீழே இருப்பதைப் பொதுவாகக் குட்டி ரகம் எனலாம். எடுத்துக்காட்டாக, கூலர் மாஸ்டர் என்ஆர்200 சுமார் 18 லிட்டர், ஃப்ராக்டல் டெர்ரா 10.4 லிட்டர்.

இவற்றுக்குள் போகும் மதர்போர்டின் பெயர் மினி-ஐடிஎக்ஸ். தைவானின் வியா நிறுவனம் 2001-இல் அறிமுகப்படுத்திய இந்த அளவு 170 x 170 மி.மீ. மட்டுமே. வழக்கமான ஏடிஎக்ஸ் போர்டு 305 x 244 மி.மீ. இடம் குறைவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை: பெரும்பாலும் இரண்டே ரேம் ஸ்லாட், கார்டு செருக ஒரே ஒரு ஸ்லாட். அதே வசதிகளுள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைவிட ரூபாயிலும் கூடுதலாகவே இருக்கும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு வேணுமா?

எல்லா முடிவுகளும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் பிரிகின்றன. கோடிங், எக்செல், வீடியோ கால், ஓரளவு ஃபோட்டோ எடிட்டிங்தான் உங்கள் வேலை என்றால் தனி கார்டு தேவையில்லை. ஏஎம்டி ரைசன் 5 8600ஜி போன்ற பிராசசருக்குள்ளேயே ரேடியான் 760எம் கிராஃபிக்ஸ் இருக்கிறது. கார்டு இல்லையென்றால் கேபினெட் 5 லிட்டருக்குள்கூட அடங்கும்.

4கே வீடியோ எடிட்டிங், 3டி வேலை, புதிய கேம்கள், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுவது என்றால் கார்டு அவசியம். அப்போது 10 முதல் 20 லிட்டர் வரை யோசியுங்கள்.

'பின்னாடி கார்டு போட்டுக்கலாம்' என்று நினைப்பவர்கள், அதற்கான இடமும் பவர் சப்ளையும் உள்ள கேபினெட்டை இப்போதே வாங்க வேண்டும்.

எந்த வரிசையில் தேர்வு செய்வது?

முதலில் கேபினெட். அதன் விவரப் பக்கத்தில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிராஃபிக்ஸ் கார்டின் அதிகபட்ச நீளமும் தடிமனும், சிபியு கூலரின் அதிகபட்ச உயரம், பவர் சப்ளையின் வகை. மற்ற பாகங்கள் எல்லாம் இந்த எண்களுக்குள் அடங்க வேண்டும்.

கூலர்: சாதாரண டவர் கூலர் 155 மி.மீ. அளவுக்கு உயரம் இருக்கும். டெர்ராவில் அதிகபட்சம் 77 மி.மீ.தான் போகும், அதுவும் கார்டின் தடிமனைப் பொறுத்துக் குறையும். ரேமின் உயரத்தையும் பாருங்கள். மேலே விளக்கு வைத்த உயரமான ரேம், தாழ்வான கூலரில் முட்டும்.

பவர் சப்ளை: குட்டி கேபினெட்கள் பலவற்றுக்கு எஸ்எஃப்எக்ஸ் வகை வேண்டும். எத்தனை வாட்? கூட்டிப் பார்த்துவிடலாம். ரைசன் 5 7600 பிராசசர் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் உச்சத்தில் 88 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டுக்கு 145 வாட். மற்றவற்றுக்கு 50 வாட் வைத்துக்கொண்டால் மொத்தம் 283. ஆக, தரமான 550 வாட் சப்ளையே தாராளம். 850 வாட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை எஸ்எஸ்டியில் போடலாம்.

ரேம்: இப்போது பட்ஜெட்டைக் கடிக்கும் பாகம் இதுதான். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவையால் 2025 இறுதியில் மெமரி விலை கடுமையாக ஏறியது. அந்த டிசம்பரில், க்ரூஷியல் என்ற நுகர்வோர் பிராண்டிலிருந்தே விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. 'ஒரு 16 ஜிபி இப்போ, இன்னொன்று அப்புறம்' என்று தள்ளிப்போடலாமா? தனி கார்டு இருந்தால் சமாளிக்கலாம். பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸை நம்பினால் வேண்டாம். அது ரேமையே தன் மெமரியாகப் பயன்படுத்துவதால், ஒற்றை ரேமில் அதன் வேகம் கணிசமாகக் குறையும். 8 ஜிபி இரண்டு வாங்குவதும் யோசிக்க வேண்டியதே. இருப்பது இரண்டே ஸ்லாட், பிறகு கூட்ட நினைத்தால் இரண்டையும் கழற்ற வேண்டியதுதான்.

நம் ஊர் வெயில் தாங்குமா?

யூட்யூப் ரிவ்யூக்களில் பலரும் கவனிக்காத விஷயம், அந்த அறையின் வெப்பநிலை. 22 டிகிரி அறையில் 80 டிகிரி காட்டிய பிராசசர், மே மாதம் டெல்லியில் ஏசி இல்லாத 38 டிகிரி அறையில் என்ன காட்டும்? அறை சூடு 16 டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். அதாவது 96 டிகிரி. ரைசன் 7000 வரிசையின் வரம்பு 95. பிராசசர் எரிந்துவிடாது, ஆனால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் கோடையில் கிடைக்காது.

இதற்குத் தீர்வு எளிது: பக்கவாட்டில் கண்ணாடிக்குப் பதில் துளைகள் உள்ள கேபினெட், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி, பயாஸில் மின் நுகர்வைக் குறைக்கும் ஈகோ மோட். சிறிய கேபினெட்டில் தூசி அடைத்தால் சூடு சீக்கிரம் ஏறும். மாதம் ஒருமுறை சுத்தம் செய்தாலே போதும்.

மின்வெட்டு உள்ள பகுதியா? 600 விஏ என்று விற்கும் யூபிஎஸ்கள் பலவற்றின் உண்மையான திறன் 360 வாட்தான். நாம் போட்ட 283-உடன் மானிட்டரையும் சேர்த்தால் விளிம்புக்கு வந்துவிடும். ஒரு படி மேலே வாங்குங்கள்.

கடைக்குப் போகும் முன்

டெல்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எங்கே போனாலும் மூன்றைக் கேளுங்கள். முதலாவது, இது இந்திய வாரண்டியா? வெளிநாட்டிலிருந்து தனியாக வந்த சரக்கு மலிவாக இருக்கலாம். பழுதானால் இங்கே சர்வீஸ் கிடைக்காமல் போகலாம். இரண்டாவது, பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா? மூன்றாவது, நீங்கள் ஜிஎஸ்டி பதிவு உள்ள ஃப்ரீலான்சர் என்றால், உங்கள் ஜிஎஸ்டி எண்ணோடு பில் தருவார்களா? பாகங்களுக்கான 18% வரியை, தொழிலுக்காக வாங்கியது என்றால் விதிமுறைக்கு உட்பட்டு ஈடுசெய்ய அது வழி.

அப்படியானால் எல்லோரும் குட்டி டெஸ்க்டாப்தான் கட்ட வேண்டுமா? இல்லை. அடிக்கடி ஊர் மாறுபவருக்கு லேப்டாப் சரி. பட்ஜெட் இறுக்கமாக இருந்து, மேஜைக்கடியில் கொஞ்சம் இடமும் இருந்தால், மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட்டில் அதே பணத்துக்கு நல்ல கார்டு கிடைக்கும். இடம்தான் உங்கள் உண்மையான பிரச்னை என்றால் மட்டும் மினி-ஐடிஎக்ஸ் பக்கம் வாருங்கள். வரும்போது கையில் ஒரு அளவுகோலும், கேபினெட்டின் அந்த மூன்று எண்களும் இருக்கட்டும்.