குட்டைத் துப்பாக்கி என்றால் போதுமா? தோளுக்கும் பொருந்த வேண்டும்

ஈசூன் வட்டார இளையர்கள் பலருக்குத் துப்பாக்கியுடன் முதல் பழக்கம் தேசிய சேவையில்தான் ஏற்படுகிறது. வேறு சிலர் பள்ளியிலோ சாஃப்ரா மன்றத்திலோ துப்பாக்கி சுடுதலை விளையாட்டாகக் கற்கின்றனர். குறி தவறும்போது “எனக்குக் கை நடுங்குகிறது” என்று தங்களையே நொந்துகொள்வோர் உண்டு. பல வேளைகளில் குறை கையில் இல்லை. தோளில் ஊன்றும் பின்கட்டை உடலுக்குப் பொருந்தாததே காரணம்.

மொத்த நீளம் வேறு, பிடிக்கும் நீளம் வேறு

உயரம் குறைந்தவர்களுக்குக் குட்டைத் துப்பாக்கியே நல்லது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மை. துப்பாக்கியின் மொத்த நீளத்தைவிட, விசைக்கும் பின்கட்டையின் கடைசி முனைக்கும் இடையிலான தூரமே முக்கியம். தொழிற்சாலையிலிருந்து வரும் பல துப்பாக்கிகளில் இது ஏறத்தாழ 34 சென்டிமீட்டர்.

சிங்கப்பூர் ராணுவமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்னர் பயன்படுத்தப்பட்ட எம்16 துப்பாக்கி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். 1999ல் அறிமுகமான எஸ்ஏஆர் 21, 80.5 சென்டிமீட்டர்தான். ஆனால் இரண்டிலும் குழலின் நீளம் 50.8 சென்டிமீட்டர். சுடும் இயந்திரப் பகுதியும் தோட்டாக்கள் நிரப்பும் மேகசினும் விசைக்குப் பின்னால், பின்கட்டைக்குள்ளேயே அமைக்கப்பட்டதால் மொத்த நீளம் குறைந்தது. கவச வாகனத்திலும் கட்டடங்களுக்குள்ளும் அது வசதி.

அதே காரணத்தால் இவ்வகைத் துப்பாக்கிகளில் விசைக்குப் பின்னால் உள்ள பகுதியை விருப்பம்போல் சுருக்க முடியாது. பார்வைக்குக் குட்டையான ஆயுதம், கை குட்டையானவருக்கு நீளமாகத் தோன்றலாம். மார்புக் கவசம் அணிந்தால் அதன் தடிமனும் சேர்ந்துகொள்ளும்.

நெம்புகோல் துப்பாக்கியின் கதை

கௌபாய் படங்களில் நாயகன் விசைக்குக் கீழே உள்ள வளையத்தை முன்னே தள்ளி, பின்னே இழுத்துச் சுடுவதைப் பலர் பார்த்திருப்பர். அதுவே நெம்புகோல் துப்பாக்கி. அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873, 1894ஆம் ஆண்டு வகைகள் புகழ்பெற்றவை. 1894 வகையின் குட்டை வடிவத்திலும் குழல் 20 அங்குலம், அதாவது எஸ்ஏஆர் 21 குழலின் அதே நீளம்தான். ஆனால் இயந்திரப் பகுதி விசைக்கு முன்னால் இருப்பதால் மொத்த நீளம் சுமார் 96 சென்டிமீட்டர்.

இதில் பின்கட்டையின் பொருத்தம் இன்னும் முக்கியம். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் வலது கை பிடியை விட்டு நெம்புகோலை இயக்குகிறது. கட்டை நீளமாக இருந்தால் அந்த அசைவில் அது தோளிலிருந்து நழுவும். குட்டையாக இருந்தால் உதைப்பின்போது பெருவிரல் மூக்கில் இடிக்கும். பழைய கட்டைகள் துப்பாக்கியின் மேலேயே உள்ள குறிமுள்ளுக்காகத் தாழ்வாகச் செதுக்கப்பட்டவை. தொலைநோக்கி பொருத்தினால் கன்னம் கட்டையில் படாமல் தலை உயர்ந்துவிடும்; அப்போது கன்னத் திண்டு தேவைப்படும். மரக்கட்டையில் ஒரு நன்மை உண்டு: நீளமானால் அறுக்கலாம், குறைந்தால் பின்முனையில் ரப்பர் திண்டு சேர்க்கலாம்.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்த பிறகு, பயிற்றுவிப்பாளர் முன்னிலையில் மட்டுமே இவற்றைச் செய்ய வேண்டும்.

முதலில், முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, கட்டையின் முனையை முழங்கை மடிப்பில் வைக்க வேண்டும். சுட்டுவிரலின் நுனிச் சதை விசையை எட்டினால் நீளம் ஏறத்தாழச் சரி.

அடுத்து, கண்களை மூடி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தை இயல்பாகப் பதிக்க வேண்டும். கண் திறந்ததும் குறி நேராகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டவோ தலையைத் தூக்கவோ நேர்ந்தால் பொருத்தம் சரியில்லை.

கடைசியாக, சிறிது நேரம் ஏந்தி நின்று பார்க்க வேண்டும். முதுகு பின்னால் வளைந்தால் கட்டை நீளம் அல்லது முன்பாரம் அதிகம்.

போட்டிக்கான 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் கன்னத் திண்டு, பின்முனை இரண்டையும் திருகித் திருத்தலாம், எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. 2014 காமன்வெல்த் விளையாட்டுகளில் தங்கம் வென்ற சிங்கப்பூரின் ஜாஸ்மின் செர், 2019ல் ரியோ உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்ற கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றோரின் நிலையில், கட்டையின் மிகச்சிறு திருத்தம்கூடப் புள்ளிகளில் தெரியும்.

சட்டம் கண்டிப்பானது

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கி வாங்கும் ஆசை இங்கு எழக்கூடாது. சிங்கப்பூரில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால், 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டுச் சிறையும் குறைந்தது 6 பிரம்படிகளும் விதிக்கப்படலாம். காயம் விளைவிக்கும் நோக்கில் சுடுவோருக்கு மரண தண்டனை. விளையாட்டாகக் கற்க விரும்புவோருக்கு அங்கீகாரம் பெற்ற மன்றமே வழி.

தேசிய சேவையில் கொடுக்கப்படும் துப்பாக்கியை மாற்ற முடியாது. நிற்கும் விதம், தோளில் ஊன்றும் இடம், கன்னம் பதிக்கும் இடம் ஆகியவற்றை மாற்ற முடியும். குறி தவறும் இளையர், தயங்காமல் பயிற்றுவிப்பாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “இது எனக்குச் சரியாகப் பொருந்துகிறதா?”