படத்தில் தோஷமா, திரையில் தோஷமா?

முகூர்த்த மாதங்களில் வேலை மலையாகக் குவிந்து, ஆல்பம் நாளைக்கே வேண்டுமென்று பெண் வீட்டார் மணிக்கொரு தரம் போன் செய்துகொண்டிருக்கும் வேளை பார்த்து, ஸ்டூடியோக் கணினியில் உள்ள ஃபோட்டோஷாப் சில சமயங்களில் விபரீதமாக நடந்துகொள்வதுண்டு. படத்தைப் பெரிதாக்கியவுடன் மணப்பெண்ணின் கன்னத்தின்மீது சதுரம் சதுரமாகக் கறுப்புக் கட்டங்கள் தோன்றும். பிரஷ்ஷை இழுத்தால் கை நகர்ந்து முடிந்த பிறகே கோடு தயங்கித் தயங்கி வந்து சேரும். அல்லது யாதொரு முன்னறிவிப்புமின்றி மென்பொருளே மூடிக்கொள்ளும். உடனே சந்தேகம் கேமராவின்மீது விழுகிறது. பிறகு மெமரி கார்டின்மீது. கடைசியில், படத்தைத் திருத்திய பையன்மீது. ஆனால் இத்தகைய வழக்குகளில் முதலாவதாக விசாரிக்கத்தக்கவை கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டும் அதை இயக்குவதற்கென்று எழுதப்பட்ட டிரைவருமே.

6000 புள்ளி அகலமும் 4000 புள்ளி உயரமும் கொண்ட ஒரு சாதாரணப் படத்தில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் உள்ளன. அதன் வெளிச்சத்தை ஒரு துளி கூட்டினாலும் அத்தனை புள்ளிகளுக்கும் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாக வேண்டும். கல்யாணச் சமையற்கட்டில் தலைமைப் பரிசாரகர் சகல பதார்த்தங்களின் பக்குவமும் அறிந்தவராயிருந்தும், ஆயிரம் இலைக்குக் காய் நறுக்கும் வேலையை வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்களிடம் ஒப்படைத்துவிடுவது போல, கணினியின் பிரதான ப்ராசஸரும் இந்த ஏகரீதியான கணக்குகளை, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் சிறு கணக்குக் கூறுகளைக் கொண்ட கிராபிக்ஸ் ப்ராசஸரிடம் தள்ளிவிடுகிறது. 2008-இல் வந்த ஃபோட்டோஷாப் சி.எஸ்.4 பதிப்பு, படத்தைத் திரையில் காட்டும் காரியத்துக்கு ஓப்பன் ஜி.எல். என்ற ஏற்பாட்டின் மூலம் இந்த உதவியை நாடியது. 2012-இல் வந்த சி.எஸ்.6, ஓப்பன் சி.எல். வாயிலாகச் சில ஃபில்டர்களின் கணக்கையும் அதனிடமே ஒப்படைத்தது.

மென்பொருள் கார்டுடன் நேரடியாகப் பேசுவதில்லை. இடையில் டிரைவர் என்ற தூதன் இருக்கிறான். என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய கம்பெனிகள் தத்தம் கார்டுகளுக்கு எழுதும் இந்த டிரைவர் பழையதாகிக் கிடக்க மென்பொருள் மட்டும் புதுப்பிக்கப்பட்டாலும், விண்டோஸ் தன் இஷ்டப்படி இரவோடிரவாக டிரைவரை மாற்றி வைத்தாலும், தூது பிசகிப் போகிறது. "நேற்று வரைக்கும் நன்றாகத்தானே இருந்தது!" என்று அங்கலாய்ப்பவர்களில் அநேகருடைய நோய் இதுதான்.

நோயை நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு சுலபமான பரீட்சை உண்டு. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதனுள் பெர்ஃபாமன்ஸ் என்ற பக்கத்தைத் திறந்து, "யூஸ் கிராபிக்ஸ் ப்ராசஸர்" என்பதன் எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். கட்டங்கள் மறைந்தால் குற்றம் கார்டின் பக்கம். மறையாவிட்டால் அதை விட்டுவிட்டு வேறிடத்தில் தேடலாம். படத்தைச் சேமித்து வேறொரு சாதாரண மென்பொருளில் திறந்து பார்ப்பது இன்னொரு வழி. அங்கே முகம் மாசற்றிருந்தால் தோஷம் திரையோடு சரி, படத்துக்கு ஆபத்தில்லை என்று நிம்மதி கொள்ளலாம். டார்க்டேபிள் என்னும் இலவச மென்பொருளிலோ இந்த நிம்மதிக்கு இடமில்லை. அது படத்தை வெளியே எழுதும்போதும் கார்டின் கணக்கையே உபயோகிப்பதால், பிசகு கோப்பிலேயே பதிந்துவிடக் கூடும்.

குற்றம் ருசுவானதும் டிக்கை எடுத்தபடியே விட்டுவிட்டு வேலையைத் தொடரும் வழக்கம் ஸ்டூடியோக்களில் உண்டு. அவசரத்துக்கு அது பாவமில்லை. ஆனால் திரையில் படத்தைச் சுழற்றிப் பார்க்கும் வசதி, ஆயில் பெயின்ட் ஃபில்டர் முதலியவை அப்போது கிட்டாது. ஆகையால் கார்டுக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கி, பழையதைச் சுத்தமாக நீக்கிவிட்டு நிறுவுவதே முறையான சிகிச்சை. விளையாட்டுப் பிரியர்களுக்காக அடிக்கடி வெளியாகும் டிரைவரைத் தவிர, படைப்பு வேலை செய்வோருக்கென்று ஸ்டூடியோ டிரைவர் என்ற தனி வரிசையை என்விடியா 2019 முதல் வெளியிட்டு வருகிறது. படவேலைக்காரருக்கு அதுவே உத்தமம். புதியது வந்ததனால்தான் தொல்லை ஆரம்பித்ததென்றால், டிவைஸ் மானேஜரில் "ரோல் பேக் டிரைவர்" என்ற பொத்தானை அழுத்திப் பழையதற்கே திரும்பிவிடுவதில் வெட்கமொன்றுமில்லை.

லேப்டாப்காரர்களுக்கு வேறொரு சங்கடம். அநேக லேப்டாப்புகளில் ப்ராசஸரோடு சேர்ந்த சிக்கனமான கிராபிக்ஸ் ஒன்றும், தனியான வலிய கார்டு ஒன்றும் இருக்க, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஆர்வத்தில் விண்டோஸ் ஃபோட்டோஷாப்பை முதலாவதிடம் அனுப்பிவிடுவதால், பணம் கொடுத்து வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். விண்டோஸின் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று சென்று, அந்த மென்பொருளுக்கு "ஹை பெர்ஃபாமன்ஸ்" என்று குறித்துவிட்டால் போதும்.

கார்டின் சொந்த மெமரி போதாமையும் ஒரு காரணம். டார்க்டேபிள் ஒவ்வொரு புள்ளிக்கும் 16 பைட் ஒதுக்குகிறபடியால், மேற்சொன்ன படம் ஒன்றே 384 எம்.பி. இடத்தை அடைத்துக்கொள்கிறது, கணக்குக்கு உள்ளே போவது ஒரு பிரதி, வெளியே வருவது ஒரு பிரதி என்று சேர்த்தால் 768 எம்.பி. 1 ஜி.பி. கார்டு இதில் திணறிப்போகும். படத்தைத் துண்டு துண்டாக்கிக் கணக்கிட நேர்வதால் வேகமும் தேய்ந்துவிடும். இதனோடு, விஸ்டா காலம் முதல் விண்டோஸ் வைத்திருக்கும் கட்டுப்பாடு ஒன்றையும் அறிந்திருப்பது நல்லது: கார்டு 2 விநாடிக்குமேல் பதில் சொல்லாவிட்டால், அது உறைந்துபோயிற்றென்று முடிவு கட்டி டிரைவரை மறுபடி துவக்கிவிடும். திரை ஒரு கணம் இருண்டு மீள்வதும், கூடவே மென்பொருள் விழுந்துபோவதும் இதனால் நேரக் கூடியவை. ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணுடன் குறிப்பு பதிவாகியிருந்தால் அதுவே சாட்சியம்.

கார்டு இருந்தால் வேகம் வந்தே தீரும் என்ற நம்பிக்கையும் பூரண சத்தியமல்ல. 2015-இல் லைட்ரூம் என்னும் படத்திருத்த மென்பொருளின் 6-ஆம் பதிப்பில் கார்டின் உதவியை நாடும் வசதி வந்தபோது, அதை இயக்கியதால் வேகம் குறைந்ததென்று முறையிட்டவர்கள் உண்டு. படத்தைக் கார்டுக்குக் கொண்டுபோவதற்கும் திரும்பக் கொண்டுவருவதற்கும் நேரம் பிடிக்கிறது. 4கே போன்ற பெரிய திரைகளில் அந்தச் செலவு ஈடாகிவிடும், சிறிய திரையில் அநேகமாக ஈடாவதில்லை. சாதாரண மானிட்டர் வைத்திருப்பவர் இதற்கென்று கடன் வாங்கிப் புதுக் கார்டு போடுவது வீண் செலவு என்பதே என் அபிப்பிராயம்.

இவ்வளவும் செய்தும் குணம் தெரியாமல் கணினியை மெக்கானிக்கிடம் எடுத்துச் செல்வதானால், ஃபோட்டோஷாப்பின் ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபோ என்பதைத் திறந்து, அதில் வரும் விவரம் முழுவதையும் நகலெடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். கார்டின் பெயர், டிரைவரின் பதிப்பு, மெமரியின் அளவு எல்லாம் அதிலேயே இருக்கின்றன.