வயிற்றுப் பிள்ளையும் எமது பொறுப்பும்

பிள்ளை தங்காவிட்டால் "விதி" என்று சொல்லி அழுவது எம்மவர் வழக்கம். வயிற்றில் 22 வாரம் கடந்த பின்னும், பிறந்து முதல் 7 நாட்களுக்குள்ளும் நேரும் இழப்புகளை வைத்தியர்கள் ஒன்றாகக் கணக்கெடுக்கிறார்கள். வறுமை, மிக இளவயது, 35க்கு மேற்பட்ட வயது, அடுத்தடுத்த பிரசவம், புகைத்தல், பிந்திய வைத்தியம் என்பன ஆபத்தைக் கூட்டும். எல்லா இழப்பையும் தடுக்க முடியாது. தாயைப் பழி சொல்லவும் கூடாது. ஆனால் சிலவற்றை மாற்றலாம்.

இதற்கு மொன்றியலே சாட்சி. 1879இல் தொடங்கிய மொன்றியல் டயட் டிஸ்பென்சரியில் அக்னெஸ் ஹிக்கின்ஸ் அம்மையார் ஏழைக் கர்ப்பிணிகளுக்குப் பால், முட்டை, தோடம்பழத்தோடு ஆலோசனையும் கொடுத்தார். 1989இல் வெளியான ஆய்வின்படி, இந்த உதவியோடு பிறந்த பிள்ளைகள், அதே தாய்மாருக்கு உதவியின்றிப் பிறந்த பிள்ளைகளைவிடச் சராசரி 107 கிராம் நிறை கூடியிருந்தார்கள். நிறை குறைந்த பிள்ளைக்கே ஆபத்து அதிகம். அந்த நிலையம் இன்றும் இயங்குகிறது.

வேலை போய்விடும் என்ற பயத்தில் வயிற்றை மறைத்துக்கொண்டு பெட்டி தூக்கும் சகோதரிகளைத் தொழிற்சாலையில் காண்கிறேன். கியூபெக் சட்டப்படி, செய்யும் வேலை ஆபத்தானால் வைத்தியரின் சான்றிதழோடு வேறு வேலை கேட்கலாம். முதலாளி கொடுக்காவிட்டால் வேலையை நிறுத்தி, கைக்கு வரும் சம்பளத்தில் 90 வீதம் பெறலாம்.

பாஷை தெரியாது என்று ஆறாம் மாதம்வரை காத்திருக்க வேண்டாம். நாள் தள்ளியதும் உங்கள் பகுதி சி.எல்.எஸ்.சி.க்குப் போங்கள். இரத்தம் கண்டால், பிள்ளையின் அசைவு குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊரில் அம்மாவும் மாமியும் துணைக்கு வந்தார்கள். இங்கே அயல்வீட்டுக்காரராகிய நாம்தான் கூடப் போகவேண்டும்.