பாட்டில் வெடிக்காமல் இருக்க: வீட்டு பீரில் ஹாப்ஸ் சேர்ப்போர் அறிய வேண்டியவை

நொதித்து முடியும் பீரில், கொதிக்கவைக்காமல், ஹாப்ஸ் போட்டு ஊறவிடுவதுதான் டிரை ஹாப்பிங். கசப்பு அதிகம் ஏறாமல் மணம் மட்டும் தூக்கலாக வரும். இதற்காகப் பீரை இரண்டாவது கலனுக்கு மாற்றியே தீர வேண்டும் என்பது பழைய வழக்கம். அடியில் படிந்த ஈஸ்ட் செத்து, சுவையைக் கெடுத்துவிடும் என்ற பயமே அதற்குக் காரணம். ஆரோக்கியமான ஈஸ்ட் இரண்டு மூன்று வாரம் கிடப்பதால் வீட்டு அளவில் அப்படி எதுவும் நேர்வதில்லை. மாறாக, கலன் மாற்றும்போது காற்று கலந்து ஹாப்ஸ் மணத்தை அழிக்கிறது. கிருமி புகவும் வழி கிடைக்கிறது. ஆகவே ஒரே கலனில் செய்வது சரியான முறைதான்.

ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் வெடிக்கிறது?

ஹாப்ஸில் இயற்கையாகவே சில நொதிகள் உண்டு. ஈஸ்ட்டால் உண்ண முடியாமல் பீரில் எஞ்சிய டெக்ஸ்ட்ரின்களை அவை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. அடங்கியிருந்த ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும். இங்கிலாந்தில் ஹொரேஸ் பிரவுனும் ஹாரிஸ் மோரிஸும் 1893லேயே இதை எழுதினார்கள். ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் இதை மீண்டும் உறுதி செய்திருக்கிறார்கள்.

இந்த மறு நொதித்தல் கலனுக்குள் நடந்தால் வாயு வெளியேறிவிடும். மூடிய கண்ணாடி பாட்டிலுக்குள் நடந்தால் அழுத்தம் ஏறி, பாட்டில் சிதறும். முகமும் கண்ணும் கையும் காயப்படும். ஒரே கலன் முறையின் பெரிய நன்மையும் இதில்தான் இருக்கிறது: ஈஸ்ட் அங்கேயே ஏராளமாக இருப்பதால், நாம் காத்திருந்தால், எஞ்சிய வேலையை அது பாட்டிலுக்கு முன்பே முடித்துவிடும்.

பாதுகாப்பான முறை

1. ஹைட்ரோமீட்டர் அளவு எதிர்பார்த்த இறுதி நிலையை நெருங்கியதும் ஹாப்ஸைச் சேருங்கள். 20 லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் போதும்.

2. மூன்று முதல் ஐந்து நாள் ஊறட்டும். வெகுநாள் கிடந்தால் புல் வாடை தட்டும்.

3. ஹாப்ஸ் சேர்த்த பிறகும் அளந்து பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினால்தான் பாட்டிலில் அடைக்கலாம். வெண்ணெய் வாடை இருந்தால் இன்னும் பொறுங்கள்.

4. துகள் படியக் குளிரூட்டுவதை அதன் பிறகே செய்யுங்கள். முன்கூட்டிக் குளிர்வித்தால் ஈஸ்ட் உறங்கும். பாட்டில் சூடேறும்போது விழித்துக்கொள்ளும்.

5. நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரையைக் கரண்டியால் அள்ளாமல் தராசில் நிறுங்கள். 20 லிட்டருக்கு 110 முதல் 130 கிராம் பொதுவான அளவு. அழுத்தம் தாங்கும் பீர் பாட்டில்களையே பயன்படுத்துங்கள்.

6. சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றிலும் நிரப்பி வையுங்கள். அது கல்லாக இறுகிவிட்டால் எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏற்கெனவே அழுத்தம் ஏறிவிட்டால்

முகக் கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். கனத்த துணியால் மூடி, குலுக்காமல் குளிர்வியுங்கள். கண்ணில் கண்ணாடித் துண்டு குத்தியிருந்தால் தேய்க்கவோ பிடுங்கவோ கூடாது. கண்ணை அழுத்தாமல் மறைத்து, உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

நாய் வளர்ப்போர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஊறி முடிந்த ஹாப்ஸ் சக்கையும் நாய்க்கு நஞ்சு. தின்ற நாய்க்கு மூச்சிரைக்கும், உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும், சில மணி நேரத்தில் உயிரும் போகலாம். அறிகுறிக்காகக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். சக்கையை மூடியுள்ள தொட்டியில்தான் போட வேண்டும்.

சட்டம் தரும் உரிமை

அமெரிக்காவில் 1978ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டு பீருக்கு வரிவிலக்கு தந்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரம்பு. விற்கக் கூடாது. மாநிலச் சட்டமும் அனுமதிக்க வேண்டும். கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013ல்தான் அனுமதித்தன. சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர், விற்பனைக்கின்றி, வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை தயாரிக்கலாம். தமிழ்நாட்டில் இந்த உரிமை இல்லை: 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம்.

உரிமை உள்ள இடத்திலும் பொறுப்பு தயாரிப்பவருடையதே. நண்பருக்குக் கொடுக்கும் பாட்டிலில் அடைத்த தேதியையும் 'குளிரில் வைக்கவும்' என்பதையும் எழுதிக் கொடுங்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அளந்து பார்த்த உங்களுக்கு மட்டுமே தெரியும்.