தோள் இறுகிப் போனால்...

தில்லிக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் காலம் தள்ள முடியாது. அந்த ஸ்வெட்டருக்குள் ஒருநாள் காலை என் இடது கை நுழைய மறுத்துவிட்டது.

வலி ஆரம்பித்து அப்போதே இரண்டு மாதம் ஆகியிருந்தது. தலை பின்னக் கை எட்டவில்லை. பூஜை அலமாரியின் மேல்தட்டிலிருந்து விளக்கை எடுக்க முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் புரண்டால் தூக்கம் போயிற்று. எல்லாம் குளிரால் வந்த வலி என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அத்தையும், "வலிக்கிற கையை ஆட்டாதேடி, அப்படியே வெச்சுக்கோ" என்றார். தைலம் தடவி, பழைய வேட்டித் துணியில் தொட்டில் மாதிரி கட்டி, கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

ஸ்வெட்டர் சம்பவத்துக்குப் பிறகுதான் எலும்பு மருத்துவரிடம் போனேன். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்புறமாகத் திருப்பச் சொன்னார். முடியவில்லை. அவர் பிடித்துத் திருப்பியும் நகரவில்லை. "நீங்களாகத் தூக்க முடியாமல், நான் தூக்கினால் மட்டும் கை மேலே போனால் தசைநாண் கிழிந்திருக்கிறதோ என்று சந்தேகப்படலாம். யார் தூக்கினாலும் போகவில்லை என்றால் மூட்டே இறுகிவிட்டது என்று அர்த்தம்" என்றார். எக்ஸ்ரேயில் கோளாறு எதுவும் தெரியவில்லை. இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தானாம்.

நம் உடலில் மிக அதிகமாகச் சுழலக்கூடியது தோள்மூட்டு. சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் போல, மேற்கை எலும்பின் உருண்டைத் தலை ஆழமில்லாத ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. அது நழுவாதபடி நான்கு தசைகளின் நாண்களும், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுப் பையும் பிடித்துக்கொள்கின்றன. கை தாராளமாகச் சுழல்வதற்காக அந்தப் பை தளர்வாக இருக்கும். அதில் அழற்சி உண்டாகி, பை தடித்துச் சுருங்கிவிடுவதுதான் இந்த நோய். இதற்கு 'ஃப்ரோசன் ஷோல்டர்', அதாவது உறைந்த தோள், என்று 1934-இல் பெயர் வைத்தவர் காட்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர்.

40 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது அதிகம் வருகிறது. பலருக்குக் காரணம் இன்னதென்று தெரிவதில்லை. சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். எலும்பு முறிவு, பக்கவாதம், மார்பு அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பின் கையை நெடுநாள் அசைக்காமல் வைத்திருந்தாலும் வரலாம்.

அதனால் மருத்துவர் என் ரத்தத்தையும் பரிசோதிக்கச் சொன்னார். வெறும் வயிற்றில் சர்க்கரை 168! 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்பது கணக்கு. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே அன்றுவரை தெரியாது. தோள் வலித்திராவிட்டால் இன்னும் எத்தனை வருடம் தெரியாமலே இருந்திருப்பேனோ!

இந்த நோய்க்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் வலி மிகுந்து மூட்டு இறுகத் தொடங்கும். பிறகு வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கும். கடைசியில் மெல்ல மெல்லத் தளரும். எல்லாம் சேர்ந்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். ஆகவே பொறுமைதான் முதல் மருந்து.

வலி மாத்திரையும் வெந்நீர் ஒத்தடமும் ஓரளவு உதவின. சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அது வலியை நன்றாகக் குறைத்தது. ஆனால் ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும், கவனம் தேவை. இவற்றுக்கெல்லாம் வழிக்கு வராத தோளை மயக்க மருந்து கொடுத்து அசைத்துவிடுவதும், நுண்துளை அறுவை சிகிச்சையும் உண்டு. எனக்கு அவை தேவைப்படவில்லை.

என் கையை மீட்டுத் தந்தது தினசரிப் பயிற்சிதான். நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு, கடிகாரப் பெண்டுலம் போல ஆட்டுவது ஒன்று. சுவரில் விரல்களால் படிப்படியாக மேலே ஏறுவது மற்றொன்று. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். வாரத்துக்கு ஒரு விரற்கடை உயர்ந்தாலும் சந்தோஷம்தான். துண்டை முதுகுக்குப் பின்னால் இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் இழுப்பது மூன்றாவது. இதை வலி சற்றுத் தணிந்தபின் தொடங்குவது நல்லது. ஒன்றை மறக்கக்கூடாது: கையை அசைக்காமலும் வைக்கக்கூடாது, முரட்டுத்தனமாக இழுக்கவும் கூடாது. பிசியோதெரபிஸ்டிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

எல்லாத் தோள்வலியும் இது அல்ல. கழுத்திலிருந்து கிளம்பிக் கைவிரல் வரை மரத்துப்போனால் கழுத்து நரம்பைப் பார்க்க வேண்டும். நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறலோடு தோளில் வலி வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். தைலத்தைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

எனக்குச் சரியாக இரண்டு குளிர்காலம் பிடித்தது. இப்போது பூஜை விளக்கை இடது கையாலேயே எடுக்கிறேன். சுவரில் பென்சில் கோடுகள் அப்படியே இருக்கின்றன. வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டேன்.